செத்தவர்கள் சங்கத் தலைவர்

1989 மக்களவைத் தேர்தல். அமேதி தொகுதியில் பிரதமர் ராஜீவ் காந்தி நிற்கிறார். அவரை எதிர்த்து நின்ற வேட்பாளர்களில் ஒருவர் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

பேய், பிசாசு சமாச்சாரம் எதுவும் இல்லை. ஆள் நன்றாகத்தான் இருந்தார். அரசாங்கக் கணக்கில் மட்டும்தான் காலமாகியிருந்தார். அவர் பெயர் லால் பிஹாரி. உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கர் மாவட்டத்துக்காரர்.

கதை 1970களின் நடுவில் ஆரம்பிக்கிறது. இளைஞரான லால் பிஹாரிக்குத் தொழில் தொடங்க வங்கிக் கடன் தேவைப்பட்டது. கடனுக்குச் சான்று கேட்டார்கள். வாங்கலாம் என்று வருவாய்த்துறை அலுவலகத்துக்குப் போனால், "நீதான் செத்துப்போய்விட்டாயே" என்கிற மாதிரி பதில். பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைவான குடும்ப நிலம். அதற்காக அவருடைய சித்தப்பா அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்து அண்ணன் மகனைச் 'சாகடித்து', நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. பேனா போதும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வருவாய்த்துறை ஏட்டில் காய்க்கிற சுரைக்காயை வைத்து விருந்தே போடலாம்!

சரி, எதிரில் ஒரு மனிதன் நின்று பேசுகிறானே, திருத்திவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஏட்டில் இருப்பதுதான் அதிகாரிக்கு உண்மை. எதிரில் நிற்பவன் வெறும் ஆள். ஒருவனைச் சாகடிக்க ஒரு வரி எழுதினால் போதும். அதே வரியை அழிக்க மனு, விசாரணை, வழக்கு, வாய்தா.

இதன் பிறகு லால் பிஹாரி செய்ததெல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால் கோமாளித்தனம். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். அரசாங்கம் காகிதத்தை மட்டும்தான் நம்பும் என்றால், ஏதாவது ஒரு காகிதத்தில் தன் பெயரை உயிரோடு ஏற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் திட்டம்.

முதலில் சித்தப்பா மகனைக் கடத்திப் பார்த்தார். போலீஸில் புகார் கொடுப்பார்கள், எஃப்.ஐ.ஆரில் பெயர் வரும், செத்தவன் மேல் வழக்குப் போட முடியாதே! உறவினர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, புகாரே கொடுக்கவில்லை. கடைசியில் பையனைத் திருப்பி அனுப்பினார். கைதானால் உயிர் வந்துவிடும் என்று ஒருவர் ஏங்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தன் மனைவிக்கு விதவை பென்ஷன் கேட்டு விண்ணப்பம் போட்டார். கொடுத்தால் செத்ததை ஒப்புக்கொண்டதாகும், மறுத்தால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். மறுத்தார்கள். ஆனாலும் அவரை உயிரோடு இருப்பதாக எழுதிக்கொள்ளவில்லை! தனக்குத் தானே இறுதி ஊர்வலம் நடத்தினார். லக்னோ சட்டமன்றத்தில் பார்வையாளர் மாடத்திலிருந்து துண்டுப் பிரசுரம் வீசினார். 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி. சிங்கை எதிர்த்து நின்றார். மறு வருஷம்தான் அமேதி. வேட்பாளர் பட்டியலில் உயிரோடு இருக்கிறார், நிலப் பதிவேட்டில் பிணம். ஒரே அரசாங்கம், இரண்டு அலமாரி.

இதற்கிடையில் தன் பெயருக்குப் பின்னால் 'மிருதக்' என்று சேர்த்துக்கொண்டார். இந்தியில் செத்தவர் என்று அர்த்தம். விஷயம் பரவப் பரவ, இதே கதியில் கிடந்த பலர் அவரைத் தேடி வந்தார்கள். அப்படி உருவானதுதான் உத்தரப் பிரதேச மிருதக் சங்கம். அதில் உறுப்பினராக ஒரே தகுதி, செத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது. வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து நிலம் துண்டாகிப்போன ஊர்களில், ஒரு வாரிசு குறைந்தால் மற்றவர்களுக்கு லாபம். வக்கீல் வைக்க வசதி உள்ளவனை யாரும் இப்படிச் சாகடிப்பதில்லை. நிலம் போனால் கடன் கிடையாது, விளைச்சல் கிடையாது. ஏட்டில் செத்தவன் நிஜத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வேண்டியதுதான்.

1994ல் ஒருவழியாக லால் பிஹாரிக்கு உயிர் வந்தது. பதிவேட்டைத் திருத்தினார்கள். ஒரு வரியை அழிக்க 18, 19 வருஷம்! ஆனால் பெயரில் இருந்த 'மிருதக்'கை மட்டும் அவர் எடுக்கவில்லை. சங்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் இன்னும் செத்துத்தானே கிடந்தார்கள்.

முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் காரியங்களுக்காக இக் நோபல் என்று ஒரு பரிசு உண்டு, அப்போதெல்லாம் அதை அமெரிக்காவில் தந்தார்கள். 2003ல் அதன் அமைதிப் பரிசு லால் பிஹாரிக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் செத்திருந்தவருக்கு இந்திய அரசு பாஸ்போர்ட்டே கொடுத்துவிட்டது. இந்த முறை அமெரிக்கா உள்ளே விட மறுத்துவிட்டது! விழாவில் நண்பர் ஒருவர் பரிசை வாங்கிக்கொள்ள, சில வாரம் கழித்து இந்தியாவில் வைத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

2021ல் சதீஷ் கௌஷிக் இயக்கத்தில், பங்கஜ் திரிபாதி நடிக்க, இவர் வாழ்க்கையை வைத்து ஒரு இந்திப் படம் வந்தது. படத்தின் பெயர் 'காகஸ்', அதாவது காகிதம். வழக்கமாகப் படத்துக்குக் கதாநாயகன் பெயரை வைப்பார்கள். இந்தப் படத்துக்கு வில்லன் பெயரை வைத்துவிட்டார்கள்.