ஒரு நூலுக்கு ஒரு மணி: சோளப் பொத்தி நிறைவது எப்படி?

அவித்த சோளம் வாங்கும்போது, சில பொத்திகளில் பல் விழுந்த வாய்போல மணிகள் இல்லாத இடங்களைக் காண்கிறோம். இதற்கு உரத்தையும் விதையையும் குறை சொல்வோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஆனால் பல வேளைகளில் காரணம், செடி பூத்த அந்தச் சில நாட்களிலேயே இருக்கிறது.

சோளச் செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்து. பொத்தியின் முனையில் தொங்கும் பட்டு நூல்கள் பெண் பூக்களுக்குரியவை. ஒவ்வொரு நூலும் ஒரு சூலகத்திலிருந்து புறப்படுகிறது. எனவே ஒரு நூலுக்கு ஒரு மணிதான்.

காற்றில் வரும் மகரந்தமணி நூலில் ஒட்டியதும், சில நிமிடங்களில் முளைத்து மகரந்தக் குழாயை விடுகிறது. அக்குழாய் நூலுக்குள்ளேயே வளர்ந்து சூல்வித்தை அடைய வேண்டும். நீளமான நூல்கள் 30 சென்ரிமீற்றர் வரை இருக்கும். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு மணி, அத்தூரத்தை ஏறக்குறைய 24 மணித்தியாலங்களில் கடக்கிறது. குழாய் சுமந்துவரும் இரண்டு ஆண் புணரிகளில் ஒன்று முட்டையுடன் சேர்ந்து முளையமாகிறது. மற்றையது மையக் கலத்துடன் சேர்ந்து, நாம் உண்ணும் மாப்பொருள் நிறைந்த வித்தகவிழையமாகிறது. இந்த இரட்டைக் கருக்கட்டலை 1898இல் லில்லிக் குடும்பத் தாவரங்களில் கண்டறிந்தவர் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின்.

இப்பயணத்துக்கு ஈரம் அவசியம். கடும் வெயிலில் மகரந்தம் விரைவில் உயிரிழக்கும். நீர் குறைந்தால் நூல்கள் பிந்தி வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்துவிடும். பொத்தி நுனியின் நூல்கள் கடைசியாகவே வருவதால் முதலில் பாதிக்கப்படுவதும் நுனிதான். பெரும்போகத்தில் மழையை மட்டும் நம்பிப் பயிரிடுவோருக்கு, பூக்கும் காலத்தில் வரும் சில வறண்ட நாட்களே அறுவடையைக் குறைக்கப் போதும்.

வீட்டுத்தோட்டக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே நீண்ட வரிசையில் நடாமல், பல குறுகிய வரிசைகளாகச் சதுரமாக நடுங்கள். அப்போது காற்று எப்பக்கம் வீசினாலும் மகரந்தம் கிடைக்கும். நூல் வெளிவரும் நாட்களில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கருக்கட்டல் நடந்ததா என்றும் பார்க்கலாம். மகரந்தம் உதிர்ந்து சில நாட்களின் பின் ஒரு பொத்தியின் தோலை மெதுவாக உரித்து உதறுங்கள். கருக்கட்டிய மணிகளின் நூல்கள் உதிர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நூலும், மணி விளையாத ஓரிடம்.