விலங்குப் பண்ணை

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய அரசியல் உருவகக் குறுநாவல். 1943 நவம்பர் முதல் 1944 பிப்ரவரி வரை எழுதப்பட்டது. நாவல் சாடும் சோவியத் ரஷ்யா அப்போது பிரிட்டனின் போர்க்கூட்டாளி என்பதால் பதிப்பகங்கள் தயங்கின. ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் மறுப்புக் கடிதம் எழுதியவர் கவிஞர் டி. எஸ். எலியட். 1945 ஆகஸ்ட் 17 அன்று லண்டனில் வெளிவந்தது. தமிழில் க. நா. சுப்ரமண்யம் மொழிபெயர்த்துள்ளார்.

பண்ணை உரிமையாளரான குடிகார ஜோன்ஸை விரட்டிவிட்டு விலங்குகள் பண்ணையைத் தாமே நடத்துகின்றன. அதிகாரம் பன்றிகளிடம் சேர்கிறது. தலைமைப் பன்றி நெப்போலியன் ஸ்டாலினையும், துரத்தப்படும் பன்றி ஸ்னோபால் டிராட்ஸ்கியையும், அண்டைப் பண்ணைக்காரர் ஃப்ரெடரிக் ஹிட்லரையும் குறிக்கின்றனர். மேஜர் என்னும் கிழப்பன்றி மார்க்ஸும் லெனினும் கலந்த வார்ப்பு. லெனினுக்கெனத் தனிப்பாத்திரம் இல்லை. தேர்வுக்குப் படிப்போர் இப்பொருத்தங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நாவலைத் தவறவிடுவதுண்டு.

கதையின் உண்மையான திருப்பம் சண்டைகளில் இல்லை. பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிறு நிகழ்ச்சியில் இருக்கிறது. ஆர்வெலே ஒரு கடிதத்தில் இப்படித்தான் விளக்கினார். பண்ணையின் சட்டமாகச் சுவரில் எழுதிய ஏழு கட்டளைகள் பன்றிகளால் இரவோடிரவாகத் திருத்தப்படுகின்றன. மற்ற விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது, நினைவும் நிற்பதில்லை. பன்றிகளின் பிரச்சாரகன் ஸ்க்வீலரின் வாய்ச்சாலம் எடுபடுவது அதனால்தான். உழைத்தே ஓய்ந்த குதிரை பாக்ஸர் அடிமாடாக விற்கப்படுகிறது. படிக்கத் தெரிந்தும் பேசாதிருந்த கழுதை பெஞ்சமின், பாக்ஸரை ஏற்றிச்செல்லும் வண்டியில் எழுதியிருப்பதை அப்போதுதான் உரக்கப் படிக்கிறது. வண்டி போய்விடுகிறது.