ஸல்வாவும் கூட்டுக் காடையும்

காடைக் குஞ்சு விற்கிறவர்கள் எங்கட கரையோர ஊர்களில் கூடிக்கொண்டு போறாங்க. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் யாரைக் கேட்டாலும், கூடு அடித்து ஐம்பது குஞ்சு போட்ட ஒரு சாச்சாவையோ மச்சானையோ தெரியும். விற்கும்போது இரண்டு விசயம் சொல்லுவாங்க. ஒன்று, இது குர்ஆனில் வந்த பறவை, பரக்கத்து. மற்றது, காடைக்குத் தீன் செலவே இல்ல. இரண்டையும் வரலாற்றோடு வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. முதலாவதைச் சரியாக விளங்கிக்கொண்டா இரண்டாவதில் ஏன் காசு போகுது என்றும் விளங்கும்.

மன்னும் ஸல்வாவும் பற்றி அல்பகரா, அல்அஃராஃப், தாஹா ஆகிய மூன்று சூராக்களில் வருகிறது. ஸல்வா என்பது காடையை ஒத்த ஒரு பறவை என்று இப்னு கஸீர் போன்ற தஃப்ஸீர்கள் விளக்குகின்றன. இதே சம்பவம் தவ்ராத்தின் யாத்திராகமத்திலும் எண்ணாகமத்திலும் இருக்கிறது. ஸினாய் என்ற இடமும் தற்செயல் இல்ல. ஐரோப்பாவில் கோடையைக் கழித்த காடைகள் குளிருக்கு முன் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஆபிரிக்காவுக்குப் போகும். கடல் தாண்டிய களைப்போடு எகிப்து, ஸினாய் கரைகளில் கூட்டங்கூட்டமாக இறங்கும். கையாலேயே பிடிக்கலாம் என்ற அளவுக்குச் சோர்ந்திருக்கும். அந்தக் கரைகளில் வலை கட்டிக் காடை பிடிப்பது இன்றைக்கும் நடக்குது.

அந்தப் பறவை கொட்டர்னிக்ஸ் கொட்டர்னிக்ஸ். சாச்சாட கூட்டில் இருப்பது கொட்டர்னிக்ஸ் ஜப்போனிக்கா. இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், ஆனா வேறு வேறு இனம். முன்னையது கடலைத் தாண்டிப் பறக்கும். பின்னையது கூட்டைத் திறந்து விட்டாலும் எங்கே போறதென்று தெரியாமல் நிற்கும். ஸல்வா அல்லாஹ் இறக்கிய உணவு, அதற்கு யாரும் தீன் போடவில்லை. சாச்சாட காடைக்குத் தீன் போட்டே ஆகணும்.

எங்கட வயல்களில் "காடை" என்று சொல்கிற பறவை இந்த இரண்டும் இல்ல. சம்மாந்துறைப் பக்கம் வரம்பில் நடந்தா காலடியிலிருந்து சட்டென்று கிளம்பி, கொஞ்சத் தூரம் பறந்து புல்லுக்குள் விழுமே, அது பெரும்பாலும் டேர்னிக்ஸ் என்ற வேறு குடும்பத்துப் பறவை. அதில் பெட்டைதான் நிறம் கூடியது, சண்டையும் அதுதான் பிடிக்கும். முட்டையில் அடை இருப்பது சேவல். தமிழில் காடையின் பழைய பெயர்களில் ஒன்று குறும்பூழ். குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போனேன் என்று தலைவன் சாட்டுச் சொல்கிற பாட்டு கலித்தொகையில் இருக்கு. வீட்டுக்காரி நம்பவில்லை, அது வேற கதை. லக்னோவில் நவாப்கள் காலத்தில் காடைச் சண்டைக்குப் பித்துப் பிடித்த சனம் இருந்ததை அப்துல் ஹலீம் ஷரர் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனா இங்கெல்லாம் காடையைப் பிடித்தாங்க, பழக்கினாங்க, சண்டை விட்டாங்க. கூட்டில் அடைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து இன்னொரு பறவையாக மாற்றவில்லை. அந்த வேலையைச் செய்தது ஜப்பான்.

அங்கேயும் தொடக்கத்தில் யாரும் இதைத் தின்பதற்காக வளர்க்கவில்லை. எடோ காலத்தில் (1603–1868) சாமுராய்களும் பணக்காரர்களும் சேவல் காடைகளின் குரலுக்குப் போட்டி வைத்தாங்க. காடை கூவுகிறதைக் கேட்டவர்களுக்கு இதில் என்ன பாட்டு இருக்கு என்று சிரிப்பு வரும், கரகரத்த சத்தம் அது. ஆனாலும் நல்ல குரலுள்ள சேவலுக்கு அலங்காரக் கூடும் பெரிய மதிப்பும் இருந்தது. சாமுராய்களின் காலம் முடிந்ததும் இந்தப் பொழுதுபோக்கும் மங்கியது. 1910களில் சிலர் அதே பறவையை முட்டைக்காகத் தெரிவு செய்து பெருக்கத் தொடங்கினாங்க. அதிக முட்டை இடுகிறதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பார்கள். முட்டையிடும் பறவை அடை இருந்தா அந்த நாட்களில் முட்டை நிற்கும், அதனால் அடை இருக்கும் குணமும் மெல்ல மெல்லக் கழிந்து போனது. இன்றைக்குக் கூட்டுக் காடை முட்டையைப் போட்டுவிட்டு அதன் மேல் நடந்து போகும். இன்குபேட்டர் இல்லாவிட்டா அடுத்த தலைமுறை இல்ல.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. மனிசனுக்கே சோறு இல்லாத நாட்டில் காடைக்கு யார் தானியம் போடுவது? குரலுக்காக வளர்த்த பரம்பரைகள் முழுதாக அழிந்தன. முட்டைக் காடைகளில் மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தோடு தாய்வான், கொரியா, சீனா பக்கம் முன்பு போயிருந்த பறவைகளையும் சேர்த்துத்தான் போருக்குப் பிறகு தொழிலைத் திரும்பக் கட்டினாங்க என்று சொல்லப்படுகிறது. ஐச்சி மாகாணத்தின் டொயோஹாஷி நகரம் அதற்குப் பேர் போனது. அங்கிருந்து ஆய்வுகூடங்களுக்குப் பரவியது. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவின் இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் கால்நடைப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று தன் பெயரிலேயே இனங்களை வெளியிட்டது. 1990இல் மிர் விண்வெளி நிலையத்தில் காடைக் குஞ்சு பொரித்தது. எடையில்லாத இடத்தில் காலூன்ற முடியாமல், தீனைக் கொத்தத் தெரியாமல் மிதந்த குஞ்சுகள் பிழைக்கவில்லை.

குஞ்சு வாங்கப் போறவங்க மறக்கக் கூடாத பகுதி அந்தப் போர்க்காலம்தான். இந்தப் பறவை சொந்தத்துக்குள் இணைவதைக் கொஞ்சமும் தாங்காது. 1960களில் கலிபோர்னியாவில் கூடப்பிறந்ததோடு கூடப்பிறந்ததை இணைத்துப் பார்த்த ஆய்வில், சில தலைமுறைக்குள்ளேயே பொரிக்கும் விகிதம் விழுந்து பரம்பரைகள் அற்றுப் போயின. எங்கட ஊரில் நடப்பது என்ன? ஒருவர் ஐம்பது குஞ்சு வாங்குவார், அதன் முட்டையைப் பொரிக்க வைத்து மச்சானுக்கு விற்பார், மச்சான் தன் கூட்டாளிக்கு விற்பார். மூன்றாவது ஆளிடம் போகும்போது முட்டையில் பாதி பொரிக்காது, பொரித்ததில் கால் வளைந்தது நிற்கும். ஆனா விலை குறையாது. முட்டை மட்டும் விற்கிற எண்ணமென்றா இந்தப் பிரச்சினை இல்ல, சேவலே தேவையில்ல. பெருக்குகிற எண்ணமென்றா ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடத்தில் வாங்குங்க. ஒரு சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டை போதும்.

ஒருநாள் குஞ்சை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏழெட்டுக் கிராம்தான் இருக்கும். முதல் வாரம் 35 பாகைக்கு மேல் சூடு வேணும், கரண்ட் போனா கதை முடிந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, பல்புச் சூட்டை நம்பிக் குஞ்சு வளர்த்தவங்களுக்கு அது என்ன நாள் என்று யோசித்துப் பாருங்க. மூன்று நாலு கிழமைக் குஞ்சென்றா விலை கூடத்தான். ஆனா இறகு மூடியிருக்கும், ஆண் பெண்ணும் தெரியும். நெஞ்சு செம்மண் நிறத்தில் வெறுமையாக இருந்தா சேவல், வெளிறிய நெஞ்சில் கறுப்புப் புள்ளி இருந்தா பெட்டை. கலந்து தாறேன் என்கிறவரிடம் எண்ணிப் பாருங்க, சேவலைத் தள்ளிவிடுகிற இடம் அதுதான்.

இனித் தீன். சின்னப் பறவை, மிச்சம் மீதி போட்டா போதும் என்று நினைக்கிறாங்க. நெல்லு விளைகிற ஊர் என்பதால குறுணலும் தவிடும் மலிவு, அதை மட்டும் கொடுத்து வளர்ப்பவர்களும் இருக்காங்க. கணக்குப் பாருங்க. ஏழு கிராமில் பொரித்த குஞ்சு ஐந்தாறு கிழமையில் 180 கிராமுக்குப் போகும்படி தெரிவு செய்யப்பட்ட பறவை இது. அந்த வேகத்துக்கு முதல் கிழமைகளில் தீனில் 24 வீதம் புரதம் வேணும், முட்டை இடும்போது 20 வீதம். குறுணலில் 8 வீதமளவில்தான் இருக்கு, தவிட்டில் 12, 13. கோழிக்கான லேயர் தீனும் குஞ்சுக்குப் போதாது. புரொயிலர் ஸ்டார்ட்டர் கிட்டத்தட்டச் சரிவரும், ஆனா மணி பெரிசு, நல்லா இடித்துக் கொடுக்கணும். கருவாட்டுத் தூள் சேர்த்தா புரதம் கூடும்தான், ஆனா உப்புப் போட்ட கருவாடு பறவையைக் கொன்றுவிடும், உப்பில்லாமல் காயவைத்த மீன் தூளாக இருக்கணும். முட்டை இடுவதற்குச் சிப்பித் தூள் அவசியம். கடற்காற்றில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டிய தீனைக் கொட்டிவிடுங்க, மூட்டையைப் பார்த்து மனசு கேட்காட்டியும். தண்ணி வைக்கிற தட்டில் கூழாங்கல் போடுங்க, இல்லாட்டி குஞ்சு அதிலேயே விழுந்து சாகும்.

தீன் செலவே இல்ல என்ற கதைக்கு வருவோம். வளர்ந்த காடை நாளுக்கு 25 கிராமுக்கு மேல் தின்னும். 50 பெட்டை இருந்தா நாளுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல். நல்லா இட்டா 40 முட்டை வரும், ஒன்று 10 கிராம், எல்லாம் சேர்த்து 400 கிராம். அது ஏழெட்டுக் கோழி முட்டையின் எடைதான். ஒரு கிலோ முட்டைக்கு மூன்று கிலோவுக்கு மேல் தீன் போகுது. நல்ல லேயர் கோழி இதைவிடக் குறைந்த தீனில் ஒரு கிலோ முட்டை தந்துவிடும். காடையில் மிச்சமாவது தீன் இல்ல, இடமும் காலமும். ஆறேழு கிழமையில் முட்டை வரும், வீட்டுக்குப் பின்னால் கதிரை வைக்கிற இடத்தில் 50 பறவை நிற்கும்.

எங்களுக்கு அந்த இடம்தான் பெரிசு. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் துண்டில் சனம் நெருங்கிக் கிடக்குது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னபோது இருந்த இடமும் கேள்விக்குள்ளானது. ஆடு மாடு கட்ட வளவு இல்லாத வீட்டில் உம்மாவோ தங்கச்சியோ பார்த்துக்கொள்ளக்கூடிய பண்ணை காடை ஒன்றுதான். அதனால்தான் இங்கே இது பரவுது, பரக்கத்துக் கதை அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. 2022இல் உரமில்லாமல் சோளம் குறைந்து, டொலரில்லாமல் தீன் விலை ஏறி, 2023இல் நாடு இந்தியாவிலிருந்து கோழி முட்டை இறக்கியது. கோழிக்கு நடந்ததெல்லாம் காடைக்கும் நடந்தது, இரண்டும் தின்பது அதே சோளத்தையும் சோயாவையும்தான்.

தொடங்கப் போறவங்க முதலில் குஞ்சை விசாரிக்காதீங்க. கோழித் தீன் கடைக்குப் போய் ஸ்டார்ட்டர் மூட்டை விலையைக் கேளுங்க, அதை உங்கட ஊரில் காடை முட்டை விற்கிற விலையோடு வகுத்துப் பாருங்க. பத்துப் பெட்டையோடு இரண்டு மாதம் அந்தக் கணக்கு நின்றா, பிறகு ஐம்பதைப் பற்றிப் பேசலாம்.