முறிவு வைத்தியமும் என்பியற் சிகிச்சையும்: படுவான்கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப்புறம் படுவான்கரை எனப்படும். போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் அக்கரையின் பழம்பெருங் கிராமங்களுள் ஒன்று. வயலை நம்பி வாழும் இத்தகைய ஊர்களில் மரத்தால் விழுதலும் மாடு முட்டுதலும் புதியனவல்ல. மட்டக்களப்பு நகரின் பெரியாஸ்பத்திரியோ வாவிக்கு அப்பால் இருந்தது. எனவே எலும்பு முறிந்தோர் முதலில் நாடியது முறிவு வைத்தியரையே. இது அறியாமையால் அன்று, அண்மையால் என்க. போர்க்காலத்திலே, 2007 வரை, வாவியைக் கடத்தல் மேலும் அரிதாயிற்று.

முறிவு வைத்தியம் வெறுங் கைப்பழக்கமும் அன்று. சுசுருத சங்கிதை என்பு முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு விலகலை ஆறாகவும் வகுத்து, இழுத்துப் பொருத்துதல், மரப்பட்டை வைத்துக் கட்டுதல் முதலியவற்றைக் கூறுகின்றது. நம்மவரின் நோவெண்ணெய், பத்து, மூங்கிற் சிம்பு என்பனவும் இந்நெறிக்கு இயைந்தனவே.

மேலைநாட்டு என்பியலும் இத்தகைய வேரிலிருந்தே கிளைத்தது. லிவர்பூலில் முறிவு வைத்தியராக விளங்கிய இவான் தோமசின் மகனே, முறைப்படி மருத்துவம் பயின்ற ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891). அவர் அமைத்த காற்சிம்பை அவரிடம் பயின்ற றொபேட் ஜோன்ஸ் முதலாம் உலகப் போரிற் பரப்பினார். தொடையென்பு முறிந்த போர்வீரர் பலர் அதனால் உயிர் பிழைத்தனர்.

எனின், இரு வழிகளும் பிரிந்தது எங்ஙனம்? 1852 அளவில் பாரிசுச் சாந்துக் கட்டு அறிமுகமாயிற்று. 1895 இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. தொட்டு அறிந்த முறிவைக் கண்டு அறியும் காலம் பிறந்தது. கட்டு இறுகிக் குருதியோட்டம் தடைப்பட்டால் தசை சுருங்கிக் கை முடமாகும் என்பதை 1881 இல் வொல்க்மன் விளக்கினார். இவ்வறிவு எட்டாத இடங்களில் கைகால் இழந்தோரும் உளர்.

இலங்கையில் இவ்விடைவெளியை மொழியும் அகலச் செய்தது. 1847 இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களையும் பெயர்த்தளித்தார். ஆனால் 1870 இற் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே மேற்கொண்டது. 1929 இற் சுதேச வைத்தியக் கல்லூரி எழுந்தது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியரின் பதிவுக்கு வழிவகுத்தது. ஆயினும் இரு மருத்துவங்களும் தனித்தனி நிருவாகங்களின் கீழேயே வளர்ந்தன.

இன்று பாதைகள் சீர்பெற்றுள்ளன. எனினும் அறுவைக்கு அஞ்சுவோர் முறிவு வைத்தியரை நாடுதல் ஓய்ந்திலது. ஆதலின் ஒன்றை ஒழித்து மற்றொன்றை நிறுவுதல் ஏற்புடையதன்று. தோல் கிழிந்து என்பு வெளிப்பட்டாலும், கட்டிய பின் விரல் மரத்தாலும், நோயாளியைத் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஒழுங்கை முறிவு வைத்தியர் கைக்கொள்ள வேண்டும். முன்பு கட்டப்பட்ட கட்டைப் பற்றிக் கடிந்துரையாது கேட்டறியும் பண்பை ஆஸ்பத்திரி வைத்தியர் பேண வேண்டும். கடிந்துரைக்கு அஞ்சி நோயாளி உண்மையை மறைப்பின், இழக்கப்படுவது அவர்தம் கையோ காலோ ஆகும்.