இறையிலியும் பாஸ்புக்கும்

சிதம்பரம் கோயிலில் பெரிய திருப்பணிகள் செய்த நரலோகவீரன், முதலாம் குலோத்துங்கனின் தளபதி. அந்த ராஜாவுக்கே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி. வரி இல்லாத நிலம் இறையிலி.

சரி, அந்த வரி எங்க போச்சு? சும்மா மறைஞ்சுடல. கோயிலுக்கு நிலம் கொடுத்த சிலர், ஊர்ச் சபையிடம் மொத்தமாக ஒரு தொகையும் கட்டினார்கள். அதை வாங்கிக்கொண்ட சபை, அந்த நிலத்தின் வரியைத் தானே சுமந்தது. வரிவிலக்கு யாருக்கு, அதைச் சுமப்பது யார் என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

நாம் இன்று கட்டும் வருமான வரி 1860இல் வந்தது. 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. 1882இல் தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி வந்தது. சம்பளத்தோடு பி.எஃப். இல்லாதவர்களும் சேர்வதற்காக 1968இல் பி.பி.எஃப். தொடங்கியது. முதல் வட்டி 4.8 சதவீதம்.

இன்று வருஷத்துக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை போடலாம். 15 வருஷம் கழித்து முழுப் பணமும் கைக்கு வரும். 2020 ஏப்ரலில் இருந்து வட்டி 7.1 சதவீதம். வட்டிக்கும் வரியில்லை, முதிர்வுத் தொகைக்கும் வரியில்லை. போடும் பணத்துக்கான கழிவு மட்டும் பழைய வரி முறையில்தான் உண்டு.

30 சதவீத வரி கட்டுகிறவர் இதே பலனை ஃபிக்ஸட் டெபாசிட்டில் பெற, பேங்க் 10 சதவீதத்துக்கு மேல் வட்டி தரவேண்டும். கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கிற, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத அக்காவுக்கு 7.1 என்பது வெறும் 7.1தான். ஒரே கணக்கு, ஒரே வட்டி. ஆனால் அதிகம் சம்பாதிக்கிறவருக்கே அரசு அதிகம் விட்டுக்கொடுக்கிறது. இதை எந்தச் சுவரிலும் யாரும் வெட்டி வைக்கவில்லை.

அப்போ அந்த அக்காவுக்கு இதுல ஒண்ணுமே இல்லையா? இருக்கு. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போனாலும் பி.பி.எஃப். கணக்கை ஜப்தி செய்ய முடியாது. 1968 சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு, இன்றும் தொடர்கிறது. கந்துவட்டிக்கு வாங்கிப் பிழைப்பு நடத்துகிற ஒருவருக்கு, வரிவிலக்கைவிட இதுதான் பெரிசு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ வரிவிலக்கு மட்டும்தான்.

கணக்கு தொடங்கினால், மாசாமாசம் 5ஆம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது.