தார் நின்ற இடம்

வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் வீட்டில் ஒரே பேச்சு நடக்கும். பிப்ரவரி கடைசிக்குள் ஒரு முறை, ஆகஸ்டு கடைசிக்குள் ஒரு முறை சுக்காய் பிந்து கட்ட வேண்டும். அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். எதிரே ரோட்டில் இருக்கும் குழியைப் பார்ப்பார். “இந்த ரோட்டுக்கும் சேத்துதான்டா கட்டுறேன்” என்பார். உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வரும்: “தோட்டத்துல நமக்கு சுக்காயும் இல்ல, ரோடும் இல்ல.”

நான் சிவில் பொறியியல் படித்தவன். பாட்டி சொன்ன அந்த ஒரு வரிக்குள் நூறு வருடச் சட்டம் இருக்கிறது என்பது வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

ஈப்போ பழைய நகரத்தின் அஞ்சடியில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு கடை வாசலிலிருந்து அடுத்த கடை வாசலுக்குப் போகும்போது தரை ஏறும், இறங்கும். ஒரு கடையில் பூப்போட்ட ஓடு, அடுத்ததில் வெறும் சிமெண்டு. காரணம் எளிது. ஒவ்வொரு உரிமையாளரும் தன் வாசலுக்குத் தானே தரை போட்டார். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்ட ராஃபிள்ஸ், தெருவோரக் கட்டடங்கள் எல்லாம் கூரையுள்ள திறந்த நடைபாதையை விட வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவியது. 1892-இல் பெரும் தீயில் பாதிக்கு மேல் அழிந்த ஈப்போ, நேர்கோட்டுத் தெருக்களோடு திரும்ப எழுந்தபோது அஞ்சடியும் கூடவே எழுந்தது. நிலம் கடைக்காரருடையது, கூரையும் அவருடையது, ஆனால் நடப்பது ஊர். தெருவின் செலவை ஊரும் உரிமையாளரும் பங்கிட்டுக்கொண்டதற்கு நம் கண்முன்னால் இருக்கும் பழைய சாட்சி அதுதான்.

அதே 1892-இல் இங்கிலாந்தில் தனியார் தெருக்களுக்கு ஒரு சட்டம் வந்தது. செப்பனிடப்படாத தெருவை நகராட்சியே சீர்செய்து, செலவைத் தெருவைப் பார்த்திருக்கும் நில உரிமையாளர்களிடம் வாங்கலாம். பங்கு, அவரவர் முகப்பின் நீளப்படி. கணக்கு சுலபம். ஒரு தெருவில் மொத்த முகப்பு 400 அடி, செலவு 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 20 அடி முகப்புள்ள வீட்டுக்காரர் 2,000 வெள்ளி கட்டுவார். யாருக்குப் பயன் கூட, யாருக்குக் குறைவு என்பதைப் பார்த்துப் பங்கை மாற்றவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது.

இந்த யோசனை இன்றும் நம் நாட்டில் உயிரோடு இருக்கிறது. 1974-இன் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தில் ‘முகப்பு உரிமையாளர்’ என்று ஒருவருக்குத் தனியாக விளக்கம் உண்டு. தெருவை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் அவர். தாமான்களில் வாழும் நமக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம், அந்தப் பங்கை நாம் முதலிலேயே கட்டிவிடுகிறோம். மேம்பாட்டாளர் சாலையும் லோங்காங்கும் போடுகிறார், அந்தச் செலவு வீட்டு விலைக்குள் போய்விடுகிறது. சாலை மன்றத்தின் கைக்கு மாறிய பிறகு பராமரிப்புக்கு சுக்காய் பிந்து வருகிறது. 1976-இன் ஊராட்சிச் சட்டப்படி அது வீட்டின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதற்கு மேல், அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவின்படி சாலையின் நீளத்தைக் கணக்கிட்டு மத்திய அரசு மாநிலத்துக்கு மானியம் தருகிறது. ஆக, ஒரு சாலைக்கு மூன்று பைகளிலிருந்து காசு வருகிறது: உரிமையாளர், மன்றம், கோலாலம்பூர்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். பாட்டி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில். அங்கே சாலையின் இரண்டு பக்கமும் ஒரே முகப்பு உரிமையாளர்தான், கம்பெனி. சாலையும் கம்பெனியுடையது. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தாலும் பாட்டியின் குடும்பம் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரும் இல்லை, வரி கட்டுபவரும் இல்லை. முதல் பை கம்பெனியின் கையில். பால் லாரி போய்வர செம்மண் போதும் என்று கம்பெனி நினைத்தால் செம்மண்தான். மன்றத்தின் பை தனியார் சாலைக்குத் திறக்காது. மூன்றாவது பைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது பொதுச் சாலையாகவோ பொதுமக்கள் போய்வரக்கூடிய சாலையாகவோ இருக்க வேண்டும். தோட்டத்து வாசலில் ஜாகா உட்கார்ந்திருந்தார்.

“பெரிய ரோடு வரைக்கும் செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போவோம். தாரு வந்ததும் கால கழுவிட்டு மாட்டிக்குவோம்” என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மலாயாவின் பெரிய ரோடுகளுக்குக் கல்லுடைத்தவர்களிலும் தார் ஊற்றியவர்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தாரைத் தொட ஒரு மைல் சேற்றில் நடந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வேலி அப்படியே நின்றது. 1960-களில் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பங்களுக்குச் சாலை கொண்டுபோயின. தோட்டமோ தனியார் நிலம், அங்கே வசதி செய்வது முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. யாரும் கொடுமை செய்ய நினைத்திருக்க வேண்டியதில்லை. விதியை விதிப்படி நடத்தினாலே போதும்.

நிலம் இல்லாதவனுக்கு எதுவும் வராது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர், அதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் பங்குதாரர் ஆனார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. பெரிய காரியம்தான். ஆனாலும் பங்கு கையில் இருந்ததே தவிர, குடியிருந்த லயத்தின் வாசல் யார் பெயருக்கும் வரவில்லை.

எங்கள் தோட்டமும் பிறகு கைமாறியது. ரப்பர் போய் தாமான் வந்தது. லயம் இருந்த பக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அப்பா கடனில் ஒரு வீடு வாங்கினார். முகப்பு 20 அடி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் பெயருக்கு ஒரு தெருவின் 20 அடி வந்தது.

போன ஆகஸ்டிலும் அப்பா குழியைக் காட்டி, பில்லைக் கட்டப்போவதில்லை என்று கத்தினார். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “போயி கட்டிட்டு வா. கட்டுனாத்தான் கேக்க முடியும்.”

முகப்பின் நீளப்படி பங்கு என்பது நியாயமான கணக்குதான், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தக் கணக்கு நிலத்தை மட்டும் அளந்தது, அதில் குடியிருந்தவர்களை அளக்கவே இல்லை. கட்ட எதுவும் இல்லாமல் ஐம்பது வருடம் பாட்டி எதையும் கேட்காமலே இருந்திருக்கிறார். அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பினார். குழியைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.