நீர்த்தீவும் உள்ளானும்: நொய்யல் படுகையின் பறவை வரலாறு

கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தின்போது, 1773இல், தாகித்தித் தீவில் சிறு உள்ளான் ஒன்றை இயற்கையியலர் ஃபார்ஸ்டர் பதிவுசெய்தார். நீரோடைக் கரைகளில் வாழ்ந்த அப்பறவையினம், கப்பல்களோடு வந்திறங்கிய எலிகளால் அழிந்ததாகக் கருதப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பவை லெய்டன் அருங்காட்சியகத்திலுள்ள பாடம் செய்யப்பட்ட ஓர் உடலும் சில ஓவியங்களுமே. ஆயினும் அழிவை நிறுவ அவை போதுமானவை.

கொங்கு நாட்டின் வறண்ட நிலப்பரப்பில் குளங்களே தீவுகள் எனலாம். குளிர்காலத்தில் வடபுலத்திலிருந்து வரும் பொறி உள்ளானும் கொசு உள்ளானும் அவற்றின் சேற்றுக் கரைகளில் இரைதேடுகின்றன. தாகித்தி உள்ளானுக்குப் போக்கிடம் இருக்கவில்லை, இவற்றுக்கு உண்டு. ஒரு குளம் கெட்டால் மற்றொன்றை நாடும். ஆகவே இங்கு நேரும் இழப்பு உலகளாவிய அழிவுப் பட்டியலில் ஏறாது. அதனை எழுத முனைபவர் பறவையைவிட நீரைப் பற்றிய ஆவணங்களையே நாடவேண்டியுள்ளது.

திருப்பூரைப் பொறுத்தவரை அவ்வாவணங்கள் மிகுதி. பருத்திப் பின்னலாடைக்குச் சாயமேற்ற உப்பு பேரளவில் வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்கும். கரைந்த உப்பை நீக்காது. 1992இல் பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நீர் நிறைந்திருந்தும் வயலுக்குப் பாய்ச்ச இயலவில்லை. அணையைத் திறக்க வேண்டாமென உழவர்களே கோரும் விந்தை நிகழ்ந்தது. ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை அறவே வெளியேற்றலாகாது என்னும் நெறியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் வலியுறுத்தியது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. தொழிலாளர் பலர் அதனால் வேலையிழந்தனர் என்பதையும் இவ்வரலாறு மறைத்தலாகாது.

இதே படுகையில், நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடையது. முற்காலத்தில் அதனைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் அரசனின் பெயரால் வழங்குவது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நொய்யல் மீண்டதற்கு இதனைச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. ஆற்றின் நிலை வேறு, குளத்தின் நிலை வேறு. எனினும் வனத்துறையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இங்கும் நடைபெறுவதால், இனி இக்கரையில் உள்ளான் குறைந்தால் அதற்கு ஆண்டும் எண்ணும் இருக்கும்.